கெடுவும் கல்லும்

மைய அரசு அலுவலகத்து எழுத்தன் ஒருவனுக்குச் சிற்பக் கலையைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றதோடு என் கல்வி நின்றது. அதன்பின் நான் படித்தவையெல்லாம் கோப்புகளே. ஆயினும் இரண்டு சிறு தகுதிகள் எனக்குண்டு. நான் ஒரு கல்தச்சரின் மகன் என்பது ஒன்று. தில்லியில் படேல் சௌக் நிலையத்தில் இறங்கி, நாடாளுமன்றத் தெருவில் ரிசர்வ் வங்கியின் வாயிலில் நிற்கும் இரு பெருஞ்சிலைகளைக் கடந்து நாள்தோறும் அலுவலகம் செல்பவன் என்பது மற்றொன்று.

ஒருபுறம் யட்சன், மறுபுறம் யட்சி. இருபது அடிக்கு மேல் உயர்ந்த கல்லுருவங்கள். யட்சன் கையில் பணப்பையும் இயந்திரச் சக்கரமும். யட்சி கையில் கதிர்க்கட்டும் மலரும். தொழிலும் உழவும் நாட்டின் செல்வம் என்பது கருத்து. அவ்வழியே செல்லும் ஆயிரக்கணக்கானோருள் ஒருவரேனும் நின்று அண்ணாந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. 2016 நவம்பரில் ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டபோது, மக்கள் அவ்வாயிலின் முன் நீண்ட வரிசையில் நின்றனர். நானும் நின்றேன். மணிக்கணக்கில் நிற்கவேண்டி வந்ததால் அன்றுதான் அச்சிலைகளை முழுமையாகப் பார்த்தேன். கீழே நாங்கள் பழைய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, மேலே யட்சன் தன் பையை இறுகப் பற்றியவாறு எங்கோ நோக்கிக்கொண்டிருந்தான்!

அவற்றைச் செய்தவர் ராம்கிங்கர் பைஜ். 1950களின் நடுவில் ஒப்படைக்கப்பட்ட வேலை, 1960களின் பிற்பகுதியில்தான் முடிந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு! இச்செய்தியை முதலில் அறிந்தபோது எனக்குத் தோன்றியது வியப்பன்று, கோபம். பொதுப்பணத்தில் செய்யும் வேலைக்குக் கெடு என்று ஒன்று இல்லையா? கெடுவை இத்துணைக் காலம் கடந்தவர் சொல் தவறியவர் ஆகாரா? இதுவே இக்கட்டுரையில் நான் எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்வி. எனக்கு இது ஏட்டளவான கேள்வியன்று. எங்கள் வீட்டு அடுப்பு சில மாதங்கள் சரிவர எரியாமல் போனதற்கும், நான் ஒருவருக்குச் செய்த செயலொன்றை எண்ணி இன்றும் கூசுவதற்கும் இதுவே காரணம்.

என் தந்தையார் புதுக்கோட்டைச் சீமையில் ஒரு சிற்றூரில் கல்வேலை செய்தவர். அம்மி, ஆட்டுக்கல் முதல் கோயில் தூண், கண்மாய்க் கரைப் பிள்ளையார், நந்தி, பலிபீடம் வரை எது கேட்டாலும் செய்வார். தம்மைச் சிற்பி என்று அவர் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ‘கல்வேலை’ என்பார், அவ்வளவே. விடியுமுன் துருத்தி ஊதும் ஓசையில்தான் நாங்கள் கண்விழிப்போம். கருங்கல்லில் வேலை செய்பவனுக்கு உளிதான் முதல் செலவு. காலையில் கூராக்கிய உளிகள் முற்பகலுக்குள் மழுங்கிவிடும். அவற்றை உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நுனி வைக்கோல் நிறம் பெறும் கணம் பார்த்து நீரில் தோய்க்கவேண்டும். ஒரு நொடி முந்தினால் உளி நொறுங்கும், பிந்தினால் வளையும். அந்த ஒரு நொடியைப் பார்க்கத் தெரிந்தவனே கல்தச்சன் என்பார் தந்தையார். நேரம் தவறாமை என்னும் ஒழுக்கத்தை நான் கற்றது அலுவலகத்து வருகைப் பதிவேட்டிலன்று, அவ்வுலை வாயிலிலேதான்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது தனிக்கலை. சுத்தியால் தட்டிக் கேட்பார். மணிபோல் கணீரென ஒலிப்பது ஆண் கல், அதனினும் மென்மையாக ஒலிப்பது பெண் கல், ஒலியற்றது அலிக்கல். சிற்ப நூல்களும் இவ்வாறே வகுக்கின்றன. ஆண் கல்லில் தேவன் உருவமும், பெண் கல்லில் தேவி உருவமும் செய்வர். ஒலியற்றதைப் படிக்கும் தளத்துக்கும் தள்ளிவிடுவர். பின் கல்மீது நீரை ஊற்றிக் காயவிடுவார். எங்கும் காய்ந்தபின்னும் ஒரு கோட்டில் மட்டும் ஈரம் தங்கி நின்றால் அங்கே வெடிப்பு ஒளிந்திருக்கிறதென்று பொருள். இத்தனை சோதனைகளையும் தாண்டி உள்ளே குறை பதுங்கியிருப்பதுண்டு. கல்லினுள் தேரை என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது வெறுங்கதையன்று; முடியும் தறுவாயிலும் கல் தன் மறைபொருளை வெளியிடும் என்பதைத் தொழிலறிந்தவர் சொல்லிவைத்த முறை அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1995-ஆம் ஆண்டு. நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்ச் சிவன் கோயில் குடமுழுக்குக்குத் தந்தையார் ஒரு நந்தி செய்துகொண்டிருந்தார். நாள் குறித்தாகிவிட்டது, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. நந்தியின் கழுத்து மணிகளையும் திமிலையும் முடித்து, மெருகு ஏற்றும் வேளையில், கழுத்தின் அடியில் தட்டியவர் நின்றுவிட்டார். மீண்டும் தட்டினார். எங்களையும் அழைத்துத் தட்டிக் காட்டினார். ஓசை மாறியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நீர் ஊற்றிப் பார்த்தும் கோடு தென்படவில்லை. காதுக்கு மட்டும் தெரிந்தது, அதுவும் அவர் காதுக்கு. எனக்கோ, சொல்லப்போனால், இரண்டு ஓசையும் ஒன்றாகவே பட்டன.

மறுநாள் அந்த ஊருக்கு நடந்தே சென்று பெரியவர்களிடம் செய்தியைச் சொன்னார். குடமுழுக்குக்குப் பதினொரு நாள் இருந்தது. அவர்கள் முதலில் நம்பவில்லை, பிறகு கெஞ்சினர், பிறகு ஏசினர். ‘உமக்கு மட்டும் கேட்கிற குறை சாமிக்குக் கேட்காது, கொண்டுவந்து வையும்’ என்றாராம் ஒருவர். தந்தையார் முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் வேறெங்கோ ஆயத்தமாக இருந்த நந்தியொன்றை விலைபேசி வாங்கினர். வாங்கிய முன்பணமோ கல்லுக்கும் வண்டிக்கும் கூலிக்கும் எப்போதோ செலவாகியிருந்தது. அம்மாவின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அது திரும்பவேயில்லை. அடுத்த இரண்டாண்டு அந்த வட்டாரத்தில் எவரும் தந்தையாரிடம் கோயில் வேலை கொடுக்கவில்லை. ‘கடைசி நாளில் கைவிரிப்பவர்’ என்று பெயர் பரவிவிட்டது. என்னைக் கல்வேலைக்குப் பழக்காமல் கல்லூரிக்கு அனுப்பவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றது அதன்பிறகுதான். ‘மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை’ என்பதே அவர்களுடைய ஒரே விருப்பம். அவ்விருப்பம் நிறைவேறிற்று.

அந்த நந்தி எங்கள் வீட்டு முற்றத்திலேயே கிடந்தது. அதன் முதுகில் ஏறி அமர்ந்துதான் நான் தேர்வுக்குப் படித்தேன். வெயிலிலும் மழையிலும் முப்பதாண்டுகளாக அங்கேயே இருக்கிறது. சென்ற ஆண்டு ஊருக்குச் சென்றபோது கழுத்தடியைத் தடவிப் பார்த்தேன்.

அது இன்றுவரை வெடிக்கவில்லை.

தந்தையார் செய்தது சரியா என்னும் கேள்வியை இந்த ஒரு செய்தி எத்துணைக் கடினமாக்கிவிடுகிறது என்பதை வாசகர் உணர்வர். நந்தி ஓராண்டில் பிளந்திருந்தால் அவரை நேர்மையின் வடிவம் என்று போற்றிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பிளக்கவில்லை. ஆகவே அவர் கேட்டது குறையின் ஓசையா, அல்லது குறை இருக்கக்கூடும் என்ற அச்சத்தின் ஓசையா என்று சொல்ல வழியில்லை. 2009-இல் அவர் மறைந்தார். கல்தூசி நெஞ்சிலேறி, கடைசி இரண்டாண்டு படுத்தால் மூச்சு வாங்கும் என்று உட்கார்ந்தே உறங்கினார். நந்தியைப் பற்றி அவரிடம் நான் கேட்டதில்லை.

நம் முன்னோர் காலத்தில் கெடு என்பதே இல்லை, கலைஞன் தன் விருப்பப்படி காலம் எடுத்துக்கொண்டான் என்று சிலர் மேடையில் முழங்கக் கேட்கிறோம். இது மெய்யன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சியில் வைக்கச் செப்புக் குடத்தை இராசராசன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் அளித்தான் என்று கல்வெட்டு நாள் சுட்டிப் பேசுகிறது. அது 1010-ஆம் ஆண்டு. நாளை எண்ணி வேலை வாங்கிய அரசு அது. அக்கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டது. ஆயினும் அதே கோயிலில், கருவறையின் மேல்தளத்துச் சுவரில், ஆடற் கரணங்கள் நூற்றெட்டனுள் எண்பத்தொன்று மட்டுமே செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய இருபத்தேழு கற்களும் உருவம் பெறாமல் வெறுங்கற்களாகவே நிற்கின்றன. விழா நடந்தேறிவிட்டது, இருபத்தேழு கற்கள் காத்திருக்கின்றன. கழுகுமலை வெட்டுவான் கோயிலோ மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து வந்து, அடித்தளம் முடியாமலே நின்றுபோன எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. அங்கு உளி ஏன் ஓய்ந்தது என்பதைக் கல் சொல்லவில்லை. கெடுவுக்கும் கல்லுக்கும் இடையிலான வழக்கு மிகப் பழையது என்பது மட்டும் புலனாகிறது.

இனி ராம்கிங்கருக்கு வருவோம். வங்காளத்துப் பாங்குரா நகரில் எளிய குடும்பத்தில் 1906-இல் பிறந்தவர். 1925-இல் சாந்திநிகேதன் சேர்ந்து நந்தலால் போஸிடம் பயின்றவர். வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கிவிட்டவர். 1938-இல் அவர் செய்த ‘சாந்தால் குடும்பம்’ என்னும் சிற்பம் ஒன்றைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச இயலாது. கணவனும் மனைவியும், கூடையில் குழந்தையும், உடன் வரும் நாயுமாகப் பிழைப்புத் தேடிப் பெயர்ந்து செல்லும் பழங்குடிக் குடும்பம் அது. வெண்கலம் வாங்கப் பணமேது? அவ்வூர்ச் செம்மண் கப்பிக்கல்லையும் சிமெண்டையும் குழைத்தே உருவாக்கினார். அதனை மாளிகைக்குள் வைக்கவில்லை. மரத்தடியில், வழிநடப்பவர் கண்முன், அந்த மண்ணின் மேலேயே நிறுத்தினார். அதுவரை பொதுவிடத்தில் சிலை என்றால் குதிரைமேல் அமர்ந்த ஆளுநர், அரியணையில் அமர்ந்த அரசி என்றிருந்த நாட்டில், பெயரில்லாத கூலிக் குடும்பம் ஒன்று ஆளுயரத்தை விஞ்சி நின்றது. பொதுக்கலை என்பது பொதுவிடத்தில் இருப்பதால் மட்டும் பொதுவாகிவிடாது; எவரைப் பற்றியது, எவர் நின்று பார்க்கக் கூசாதது என்பவையும் கணக்கில் வரும் என்பதை அச்சிற்பம் எனக்கு விளக்கிற்று.

விடுதலைக்குப்பின் எழும்பிய பெரும் பொதுக் கட்டடங்கள் நம் ஓவியர்க்கும் சிற்பிகளுக்கும் வாய்ப்பளிக்கவேண்டும் என்று நேரு விரும்பினார். அவ்விருப்பத்தின் பயனாகவே ரிசர்வ் வங்கி இப்பணியை மேற்கொண்டது. மதுரா அருங்காட்சியகத்திலுள்ள பார்க்கம் யட்சனையும், கல்கத்தா அருங்காட்சியகத்திலுள்ள பேஸ்நகர் யட்சியையும் முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்பது கலையறிஞர் கார்ல் கண்டாலாவாலாவின் யோசனை. ராம்கிங்கர் ஏற்றார். அடுத்து கல் வேண்டுமே! இத்துணைப் பெரிய உருவுக்கு ஏற்ற கல்லைத் தேடி இமயத்தின் அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கு வரை சென்றார். மலையில் கல்லைப் பெயர்த்தெடுப்பதும், அங்கிருந்து தில்லிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுமே பெரும்பாடு. கல் வருவதற்கே ஆண்டுகள் போயின. வந்தபின் செதுக்கக் காலம் பிடித்தது. இடையில் அவர் வரைந்த வரைவுகளும் வார்த்த சிறு மாதிரிகளும் பல. அவற்றுட் சிலவற்றைத் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் காணலாம். ஒரே உருவை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி எண்ணியிருக்கிறார். எல்லாம் முடிந்து சிலைகள் நின்றபோது பாராட்டோடு கண்டனமும் வந்தது. யட்சியின் ஆடையின்மை குறித்து மாநிலங்களவையிலேயே வினா எழுந்தது. பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அது!

இப்போது நான் என் அலுவலக நாற்காலியிலிருந்தே வழக்காடுகிறேன். கெடு என்பது வெறும் தேதியன்று. ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த சொல். அச்சொல்லை நம்பிப் பிறர் தங்கள் காரியங்களை அமைத்துக்கொள்கின்றனர். ஓய்வூதியக் கோப்பு என் மேசையில் ஒரு வாரம் தங்கினால், எங்கோ ஒரு கைம்பெண் ஒரு வாரம் கடன் வாங்கவேண்டும். ‘இன்னும் செம்மையாக எழுதிக்கொண்டிருந்தேன்’ என்று நான் சொன்னால் என்னைப் பிடித்து வெளியே தள்ளுவதே முறை. செம்மை என்னும் சொல்லைச் சோம்பல் எத்துணை எளிதாகப் போர்த்திக்கொள்ளும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்தவர் எல்லார்க்கும் தெரியும். சிற்பிக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

இதற்கு விடையாக நெடுநாள் நான் ஓர் அளவுகோலை வைத்திருந்தேன். தாமதத்தின் இழப்பை யார் சுமக்கிறார் என்று பார்க்கவேண்டும். சோம்பேறி தன் தாமதத்தின் பாரத்தைப் பிறர் தலையில் ஏற்றுவான். மெய்யான தொழிலாளி தானே சுமப்பான். என் தாமதத்தால் எனக்குச் சம்பளம் குறைவதில்லை. ஆகவே என் தாமதம் குற்றம். ராம்கிங்கர் அச்சிலைகளால் செல்வரானவரல்லர். 1970-இல் பத்மபூஷண் பெற்றபின்னும் அதே எளிய வாழ்வு வாழ்ந்து 1980-இல் மறைந்தார். ஆகவே அவர் தாமதத்தில் வஞ்சகமில்லை. அளவுகோல் நன்றாகத்தான் வேலை செய்தது, நந்தியை அதன்முன் நிறுத்தும்வரை. தந்தையார் இழப்பைத் தாமே சுமந்தார் என்று எப்படிச் சொல்வேன்? தோட்டைக் கழற்றியவர் அம்மா. அவரைக் கேட்டு ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. நேர்மையாளன் ஒருவனின் நேர்மைக்கு அவன் வீட்டாரே விலை கொடுக்கின்றனர் என்பதை நேர்மையைப் போற்றும் கட்டுரைகள் எழுதாமல் விட்டுவிடுகின்றன.

இருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. கோப்பில் நான் இன்று செய்த பிழையை நாளை மற்றொரு குறிப்பெழுதித் திருத்தலாம். கல்லில் எடுத்ததை மீண்டும் ஒட்டவியலாது. மேலும், கோப்புக்கு உரியவர் என் கண்முன் வந்து நிற்கிறார். சிலைக்கு உரியவரோ பெரும்பாலும் இன்னும் பிறக்கவில்லை. குடமுழுக்கு நாளன்று கூடிய ஊர் ஒன்று. இருநூறு ஆண்டு கழித்து அந்த நந்தியின்முன் நின்று கும்பிடக்கூடிய ஊர் மற்றொன்று. முன்னது பேசும், ஏசும், முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும். பின்னதற்கு வாயில்லை. அதன் சார்பில் பேசக்கூடியவன் உளி பிடித்தவன் ஒருவனே. பொதுக்கலையில் ‘பொது’ என்பது இவ்விரு கூட்டத்தையும் குறிக்கும் என்றால், கெடுவைக் காப்பது முதற் கூட்டத்துக்குச் செலுத்தும் கடன். கல்லைக் காப்பது இரண்டாம் கூட்டத்துக்குச் செலுத்தும் கடன். இரண்டும் மோதும்போது முதல் கடனைத் தவறியவனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவனைக் குற்றமற்றவன் என்று விடுவிக்கவும் மனம் துணியவில்லை. வெளிப்படையாக, உரிய வேளையில், தன் வாயாலேயே சென்று சொன்னானா என்று மட்டும் கேட்பேன். தந்தையார் பதினொரு நாள் முன்பே நடந்து சென்று சொன்னார்.

இவ்வளவு தெளிவும் எனக்குப் பின்னால் வந்ததே. வேண்டிய நேரத்தில் இல்லை. அதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

எங்கள் பகுதித் தமிழன்பர்கள் கூடி, சமுதாயக் கூடத்தின் முன் வள்ளுவருக்கு மூன்றரை அடியில் ஒரு கற்சிலை வைக்க 2022-இல் முடிவு செய்தோம். நான் பொருளாளர். மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவரிடம் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு ஒப்பந்தம். அதை எழுதியவன் நானே. அலுவலகப் பழக்கத்தால், தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் அரை விழுக்காடு தண்டம் என்று ஒரு விதியையும் சேர்த்தேன். குழுவினர் என் திறமையைப் பாராட்டினர். சிலை 2023 சனவரி 15 அன்று திறக்கப்படவேண்டும்.

டிசம்பர் மாத இறுதியில் சிற்பி தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, எழுத்தாணி பிடிக்கிற விரல் பக்கம் ஒரு வெள்ளை ரேகை ஓடுது. மேலே தெரியல, உள்ளே இறங்க இறங்க அகலமாகுது. விரல் மெலிசான இடம். நிக்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. கல்மாவும் பசையும் வச்சு அடைச்சுத் தரலாம். ரெண்டு மூணு வருசம் ஒண்ணும் தெரியாது. நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தவன் யாருடைய மகன்? ஆயினும் அக்கணம் என் நினைவுக்கு வந்தவை அச்சான அழைப்பிதழும், ஒப்புக்கொண்ட சிறப்பு விருந்தினரும், நன்கொடை தந்தவர்களின் முகங்களுமே. “அடைத்தே அனுப்பிவிடுங்கள், விழா நடக்கட்டும்” என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. “சரிங்க ஐயா” என்று வைத்துவிட்டார்.

சிலை வரவில்லை. விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது மீண்டும் அழைத்து, “மனசு வரலைங்க ஐயா, வேற கல் எடுத்திருக்கேன்” என்றார். அன்று நான் அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை. சனவரி 15 அன்று வெறும் பீடத்தின்மேல் நாற்காலி போட்டு, வள்ளுவர் படமொன்றை வைத்து மாலையிட்டோம். வந்தவர்கள் நல்லவர்கள், எவரும் ஒன்றும் சொல்லவில்லை. சிலை ஏப்ரல் 23 அன்று வந்து சேர்ந்தது. பதினான்கு வாரம். தண்டம் 8,400 ரூபாய். ஒரு ரூபாயும் விடாமல் பிடித்துக்கொண்டு எஞ்சியதை அனுப்பினேன். அவர் ஒப்புகை அனுப்பினார். அதில் தண்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது கல்லின் விலையையும் அவர் கேட்கவில்லை.

சிலை நன்றாக இருக்கிறது. மாலையில் கூடத்துக்கு விளையாட வரும் பிள்ளைகள் அதன் விரல்களைப் பற்றித் தொங்குகின்றனர். விரல்கள் நிற்கின்றன. பீடத்தில் கருப்புப் பளிங்கில் நன்கொடையாளர் நாற்பத்தொருவர் பெயரும், குழுவினர் பெயரும், ‘பொருளாளர்’ என்று என் பெயரும் பொன்னெழுத்தில் உள்ளன. செய்தவர் பெயர் இல்லை. எவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தோன்றவைத்தது ரிசர்வ் வங்கி யட்சனே. அவனுக்கு முன்மாதிரியான பார்க்கம் யட்சனைப் பற்றி ஒருநாள் படித்துக்கொண்டிருந்தேன். கிறித்துவுக்கு முற்பட்ட அவ்வுருவின் பீடத்தில் பிராமி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. குனிகனின் மாணவன் கோமிதகன் செய்தது என்பது அதன் செய்தி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்தச்சன் ஒருவன் தன் பெயரோடு தன் ஆசான் பெயரையும் சேர்த்துப் பொறித்துவிட்டுப் போயிருக்கிறான். பேலூரில் போசளர் காலச் சிற்பிகளும் தாம் செய்த உருவங்களின் அடியில் தம் பெயரையும் ஊரையும் பொறித்திருக்கின்றனர். நம் சிற்பிகள் பெயர் வேண்டாத் துறவிகள் என்று நாம் பேசிவருவது அவர்களுக்குப் பெருமை சேர்ப்பதற்கா, நம் பளிங்குப் பலகையில் இடத்தை மிச்சப்படுத்துவதற்கா என்று அன்று ஐயம் பிறந்தது.

சென்ற மாதம் சிற்பிக்குத் தொலைபேசி செய்தேன். பழையவற்றுக்கு வருத்தம் தெரிவித்து, பீடத்தில் அவர் பெயரைப் பொறிக்க விரும்புகிறோம் என்றேன். என் குரல் சற்றுத் தழுதழுத்திருக்கவும் கூடும். பின்னணியில் கல்லறுக்கும் பொறியின் இரைச்சல். அவர் யாரிடமோ அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, மறுபடியும் கேட்டு அறிந்துகொண்டார்.

“பேரு போடுறதுன்னா போடுங்க ஐயா, சந்தோசம். ஆனா அந்த எட்டாயிரத்து நானூறு இருக்கே, அது என் காசு இல்லைங்க. ரெண்டாவது கல்லுக்கு மூணு பசங்க ராவும் பகலுமா உக்காந்தாங்க. அவங்க கூலியிலதான் அந்த வருசம் கொறைச்சுக் கொடுத்தேன். அதுல ஒருத்தன் இப்ப தொழில விட்டுட்டுப் போயிட்டான். அது கெடைச்சா அவங்களுக்குக் கொடுத்துடுவேன்” என்றார்.

2023-ஆம் ஆண்டுக் கணக்கு தணிக்கையாகி, பொதுக்குழுவில் ஏற்கப்பட்டு முடிந்துவிட்டது. முடிந்த கணக்கைத் திறக்கத் தீர்மானம் வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதனை ஏழாவது பொருளாகச் சேர்த்திருக்கிறேன். முன்வரைவில் மூவர் பெயருக்கும் இடம் விட்டிருக்கிறேன். இருவர் பெயர் கிடைத்துவிட்டது, தொழிலை விட்டுப் போனவர் பெயரைச் சிற்பி விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.